சுவாசப்பைத் தண்ணீரும் சன் பிரான்சிஸ்கோவின் செம்மறி ஆடுகளும்

"பம்ப் சட்டைப் பையிலதானே இருந்தது, ஏன் அதை அடிச்சு விடேல்லை?"

2021ஆம் ஆண்டு தை மாதம் எங்கட சங்கத்து மூத்தவர் ஒருவர் கொரோனாவோடு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தவறிப் போனார். சுவாசப்பை முழுக்கத் தண்ணி என்று டொக்டர் தொலைபேசியில் சொன்னாராம். அவருக்கு இளவயதில் இருந்தே தொய்வு வருத்தம். வென்ரோலின் பம்ப் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார். அந்த மருந்தை ஏன் தொடர்ந்து குடுக்கவில்லை என்று வீட்டுக்காரர் கேட்டார்கள். கேள்வி அந்த வீட்டோடு நிற்கவில்லை. கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் அது "கவனிக்காமல் விட்டிட்டாங்கள்" என்ற கதையாக மாறி, இன்றைக்கும் உலாவுகிறது. போன வருசம் இன்னொரு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தபோது, இந்தக் கதையைக் கேட்டுப் பயந்து பிள்ளைகள் ஒரு முழு நாள் தாமதித்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. பிரிமொன்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. உயர்தரத்தில் உயிரியல் படித்ததோடு என்ர படிப்பு நின்றுவிட்டது. ஆனால் வாசிக்கிற பழக்கம் நிற்கவில்லை. நூலகத்தில் தேடியும், எங்களுக்குத் தெரிந்த ஒரு தாதியிடம் கேட்டுக் கேட்டும் இதைப் பற்றிப் படித்தபோது ஒரு விசயம் என்னை வியக்க வைத்தது. அந்தப் பம்பில் இருக்கிற மருந்துக்கும் சுவாசப்பைத் தண்ணீருக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு உண்டு. அதைக் கண்டுபிடித்த வேலையில் பெரும்பங்கு நாங்கள் வாழுகிற இந்த பே ஏரியாவிலேயே நடந்திருக்கிறது. ஒரு பகுதி சன் பிரான்சிஸ்கோவில் பார்னசஸ் மேட்டில் இருக்கிற கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், இன்னொரு பகுதி ஸ்டான்போர்டில்.

முதலில் எந்தத் தண்ணி என்று சொல்ல வேண்டும். எங்கட சனம் "நெஞ்சில தண்ணி" என்று இரண்டு வேறு வருத்தங்களைச் சொல்கிறது. ஒன்று, சுவாசப்பைக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள உறைக்குள் சேரும் தண்ணி. அதை ஊசி போட்டு இழுத்து எடுக்கலாம். ஊரில் கசம் வந்தவர்களுக்கு எடுத்ததைப் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். மற்றது, சுவாசப்பைக்கு உள்ளே, காற்று நிற்கவேண்டிய சிற்றறைகளுக்குள்ளேயே நிரம்புகிற தண்ணி. ஒரு மனிதனுக்கு இந்தச் சிற்றறைகள் நாற்பது ஐம்பது கோடி அளவில் இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்தால் கிட்டத்தட்ட ஒரு பட்மின்ரன் கோட் அளவு வரும். அத்தனை கோடி அறைகளுக்குள் எந்த ஊசியைப் போடுவது? நான் எழுதுவது இந்த இரண்டாவது தண்ணியைப் பற்றி.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் எந்த நேரமும் ஏன் மூழ்காமல் இருக்கிறோம் என்பதே ஆச்சரியம்தான். சிற்றறையின் சுவர் அவ்வளவு மெல்லியது. சுவருக்கு அந்தப் பக்கம் உடம்பின் இரத்தம் முழுவதும் ஓடுகிறது. 1896இல் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேயர் ஒரு விளக்கம் சொன்னார். இரத்தத்தில் உள்ள புரதம் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது, இரத்த அழுத்தம் வெளியே தள்ளுகிறது, இந்த இரண்டு விசைகளுக்கும் இடையிலான சமநிலைதான் காரணம் என்றார். பிரசாரணம் என்று நாங்கள் பாடமாக்கியதன் ஒரு வகைதான் இது. சரியான விளக்கம். இன்றைக்கும் பிழை இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, சிற்றறைக்குள் தண்ணி வந்துவிட்டால் அதுவும் இதே விசைகளால்தான் தானாக வடிந்து திரும்பிப் போகும் என்று டொக்டர்மார் பல காலம் நம்பினார்கள். சுவாசப்பையை ஒரு வடிகட்டித் துணி மாதிரிப் பார்த்தார்கள். துணி வேலை செய்யாது, தண்ணிதான் போகும்.

அந்த எண்ணத்தில் முதல் ஓட்டை விழுந்தது பிறக்காத குட்டிகளிடம். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் சுவாசப்பை காற்றில்லாமல் தண்ணீரால் நிரம்பியிருக்கும். அந்தத் தண்ணி வெளியில் இருந்து குடித்தது இல்லை, சுவாசப்பையே சுரந்தது. பிறந்த உடனே அது எங்கே போகிறது? பிறப்பு வழியால் வரும்போது நெஞ்சு நெருக்கப்பட்டுப் பிழிந்து வெளியேறுகிறது என்பதே பழைய பதில். எங்கட அம்மம்மாமாரும் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் தண்ணி வரும் என்றார்கள். கொஞ்சம் வரும்தான். ஆனால் 1970களில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் லியனார்ட் ஸ்ட்ராங் என்பவரின் குழுவில் இருந்த வோல்ற்றர்ஸ், ஒல்வர் என்ற இருவர், தாய் ஆட்டின் வயிற்றில் இருக்கும் குட்டிக்கு அதிரினலின் ஓமோனைக் குடுத்துப் பார்த்தார்கள். சுரந்துகொண்டிருந்த சுவாசப்பை சுரப்பை நிறுத்தியது மட்டும் இல்லை, இருந்த தண்ணியைத் திருப்பி உறிஞ்சவும் தொடங்கியது. பிறப்பு நாள் நெருங்க நெருங்க இந்தத் திறன் கூடியது. அவர்கள் 1978இல் எழுதிய கட்டுரை, பிறப்பு வலியின்போது பிள்ளையின் உடம்பில் பெருகுகிற அதிரினலின்தான் சுவாசப்பைக்கு "தண்ணியை இறை" என்று சொல்கிறது எனக் காட்டியது.

இது எனக்குக் கிட்டத்தில் பட்ட விசயம். என்ர மகள் வலி தொடங்க முன்னரே, நாள் குறித்த சிசேரியனில் பிறந்தவள். பிறந்த உடனே மூச்சு வேகமாக வாங்கியது. இரண்டு நாள் ஒட்சிசன் வைத்தார்கள், மூன்றாம் நாள் தானாகச் சரியாகிவிட்டது. "ஈரச் சுவாசப்பை, பயப்பிடாதேங்கோ" என்று தாதி சொன்னா. வலி இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளுக்கு இது கூட வருவதும், அவசியம் இல்லாவிட்டால் 39 வாரத்துக்கு முதல் சிசேரியனுக்கு நாள் குறிக்க வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் சங்கம் சொல்வதும் ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

இனி சன் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். நோர்மன் ஸ்டோப் என்ற பேராசிரியர் சுவாசப்பைத் தண்ணீரைப் பற்றியே வாழ்நாளைச் செலவழித்தவர். அவரிடம் வந்து சேர்ந்த இளம் டொக்டர் மைக்கல் மத்தே. 1982இல் இவர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனை, எளிமையில் எங்கட பள்ளிக்கூட ஆய்வுகூடத்துப் பரிசோதனை மாதிரித்தான் இருக்கிறது. செம்மறி ஆட்டின் இரத்தத்தைப் பிரித்து வரும் தெளிந்த நீரை அந்த ஆட்டின் சுவாசப்பைக்குள் விட்டார்கள். அந்த நீரில் இருக்கிற புரதமும் இரத்தத்தில் இருக்கிற புரதமும் ஒரே செறிவு. ஸ்டார்லிங்கின் கணக்குப்படி இரண்டு பக்கமும் இழுவை சமம், தண்ணி அசையக் காரணம் இல்லை. சில மணித்தியாலம் கழித்து எடுத்துப் பார்த்தால் தண்ணி குறைந்திருந்தது. புரதம் அங்கேயே தங்கி, பால் வற்ற வற்றத் தடிக்கிற மாதிரித் தடித்திருந்தது. உள்ளே புரதம் இரத்தத்தை விடத் தடித்த பிறகு, கணக்குப்படி தண்ணி திரும்பி உள்ளேயல்லவா வர வேண்டும்? வரவில்லை. தொடர்ந்து வெளியேதான் போனது. விசைக்கு எதிராகத் தண்ணி போகிறது என்றால் யாரோ இறைக்கிறார்கள். சும்மா கிடக்கிற துணி என்று நினைத்த சுவரே கிணற்றுத் துலா மாதிரி வேலை செய்துகொண்டிருந்தது!

1987இல் பெர்தியோம் என்பவர் ஸ்டோப், மத்தே இருவரோடும் சேர்ந்து அடுத்த படியை வைத்தார். தொய்வுக்குக் குடுக்கிற வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை அந்தத் தண்ணியோடு கலந்து விட்டபோது ஆடுகள் இன்னும் வேகமாக இறைத்தன.

இந்த மருந்து எப்படிச் சுவரோடு பேசுகிறது? இங்கேதான் "வாங்கி" வருகிறது. எங்கட பாடப்புத்தகத்தில் வாங்கி, இந்தியப் புத்தகங்களில் ஏற்பி. கலத்தின் மேற்றோலில் பதிந்திருக்கும் ஒரு புரதம், வீட்டு வாசலில் இருக்கிற மணி மாதிரி. அதிரினலின் வந்து அதை அழுத்த, உள்ளே செய்தி போகிறது. ஒரே அதிரினலின் ஒரு இடத்தில் குழாயைச் சுருக்குவதும் இன்னொரு இடத்தில் தளர்த்துவதும் ஏன் என்று மண்டையைக் குழப்பியவர்களுக்கு, ஜோர்ஜியா மாநிலத்தில் ஓகஸ்ரா என்ற ஊரில் இருந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் விடை சொன்னார். மணிகள் இரண்டு வகை, அல்பா, பீற்றா என்றார். முதலில் அனுப்பிய சஞ்சிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. வேறு சஞ்சிகையில் வந்தும் பல வருசம் ஒருவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1967இல் பீற்றாவும் இரண்டாகப் பிரிந்தது. இருதயத்தில் கூடுதலாக இருப்பது முதலாவது, சுவாசப்பையில் கூடுதலாக இருப்பது இரண்டாவது. இரண்டாவதை மட்டும் கூடுதலாகத் தொடுகிற மருந்தாக, இங்கிலாந்தில் வெயார் என்ற ஊரில் டேவிட் ஜக் என்பவரின் குழு சல்பியூற்றமோலைச் செய்தது. 1969இல் அது வென்ரோலின் என்ற பெயரில் கடைக்கு வந்தது. டேவிட் ஜக் ஸ்கொட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். அமெரிக்காவில் இதே மருந்துக்கு அல்பியூற்றரோல் என்று பெயர். ஊரில் இருந்து வந்தவர்கள் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், இரண்டும் ஒன்றுதான்.

அந்த மணி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க இன்னும் நாற்பது வருசம் சென்றது. மினசோட்டாவில் பாண் போடுகிற வெதுப்பகக் குடும்பத்தில் பிறந்த பிரையன் கோபில்கா, ஸ்டான்போர்டில் இருந்து 2007இல் பீற்றா இரண்டு வாங்கியின் வடிவத்தை வெளிக்கொண்டு வந்தார். 2011இல் அது உள்ளே செய்தியைக் கையளிக்கிற கணத்தையே படமாக்கினார்கள். அடுத்த வருசம் அவருக்கும் அவரது குருவான ரொபேர்ட் லெப்கோவிற்ஸுக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

மணி அடித்த பிறகு கலத்துக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிற்றறைச் சுவர்க் கலத்தின் காற்றுப் பக்கத்தில் சோடியத்துக்கான சிறு வாசல்கள் உண்டு. செய்தி வந்ததும் அவை கூடுதலாகத் திறந்து, தண்ணியில் உள்ள சோடியத்தை உள்ளே விடும். கலத்தின் அடிப்பக்கத்தில், இரத்தத்தை நோக்கி, ஒரு பம்ப் இருக்கிறது. அது சக்தியைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். உப்புப் போன வழியால் தண்ணி போகும். அவ்வளவுதான். இந்த வாசல் இல்லாமல் பிறக்கச் செய்த எலிக்குஞ்சுகள் சுவாசப்பைத் தண்ணியை அகற்ற முடியாமல் இரண்டு நாள் முடிய முன்னரே செத்துப் போனதை, 1996இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். பம்ப் ஓடுவதற்குச் சக்தி வேண்டும், சக்திக்குக் கலம் உயிரோடு இருக்க வேண்டும். இதை மறக்காமல் மேலே வாசியுங்கள்.

ஆட்டில் கண்டதை மத்தே நோயாளியிடம் கொண்டு போனார். கடும் சுவாசப்பைக் காயத்தோடு செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருப்பவர்களின் குழாய்க்குள்ளால் கொஞ்சத் தண்ணியை உறிஞ்சி எடுத்து, சில மணித்தியாலம் கழித்து மறுபடியும் எடுத்து, புரதம் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தடித்திருந்தால் சுவர் இறைக்கிறது. 1990இல் வந்த கட்டுரையில், முதல் 12 மணித்தியாலத்துக்குள் இறைக்கத் தொடங்கியவர்கள்தான் தேறுகிறவர்கள் என்று தெரிந்தது. 2001இல் லொரெய்ன் வெயாரும் அவரும் 79 நோயாளிகளை இப்படி அளந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களின் சுவாசப்பை இறைக்கும் திறனைப் பெரும்பாலும் இழந்திருந்தது. முழு வேகத்தில் இறைத்தவர்கள் 100க்கு 13 பேர்தான்.

அப்படியானால் மருந்தைக் குடுத்து இறைக்க வைப்போம் என்ற எண்ணம் வந்தது இயல்புதானே. சனத்தின் கேள்வியும் அதுதான். 2002இல் சுவிஸ் ஆய்வாளர்கள் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள். உயரமான மலையில் ஏறினால் சுவாசப்பையில் தண்ணி சேருகிற உடல்வாகு உள்ள 37 பேரை 4,559 மீற்றர் உயரத்துக்கு ஏற்றி, பாதிப் பேருக்கு இதே குடும்பத்து மருந்து ஒன்றை மூச்சால் இழுக்கக் குடுத்தார்கள். வெறும் மருந்து இழுத்தவர்களில் 100க்கு 74 பேருக்குத் தண்ணி சேர்ந்தது, உண்மை மருந்து எடுத்தவர்களில் 33 பேருக்குத்தான். 2006இல் இங்கிலாந்தின் பேர்மிங்காமில் 40 நோயாளிகளுக்குச் சல்பியூற்றமோலை நரம்பால் ஏற்றிப் பார்த்தபோது சுவாசப்பைத் தண்ணி குறைந்தது. எல்லாம் சரியாக வருகிற மாதிரித்தான் இருந்தது.

பிறகு பெரிய பரிசோதனைகள் வந்தன. அமெரிக்காவில் 282 நோயாளிகள். ஒரு பகுதிக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்பியூற்றரோல் புகையாக, மற்றப் பகுதிக்கு வெறும் உப்புத் தண்ணி. பயன் இல்லை என்று இடையிலேயே நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் 100க்கு 23 பேரும், எடுக்காதவர்களில் கிட்டத்தட்ட 18 பேரும் இறந்திருந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் உதவவில்லை என்பது தெளிவு. 2011இல் அந்த முடிவை வெளியிட்ட கட்டுரையின் முதல் பெயர் மைக்கல் மத்தே. ஆட்டில் தொடங்கி முப்பது வருசம் வளர்த்த நம்பிக்கையைத் தானே அளந்து, உதவவில்லை என்று தானே எழுதினார். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அடுத்த வருசம் இங்கிலாந்தில் இருந்து வந்த செய்தி இன்னும் மோசம். நரம்பால் சல்பியூற்றமோல் ஏற்றியவர்களில் 100க்கு 34 பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். ஏற்றாதவர்களில் 23 பேர். 326 பேரோடு நிறுத்திவிட்டார்கள். மருந்து இருதயத்தை ஓட ஓட விரட்டியது, துடிப்புத் தாளம் தப்பியது, இரத்தத்தில் அமிலம் கூடியது.

மலை ஏறியவர்களுக்கு உதவியது ஏன் இவர்களுக்கு உதவவில்லை? மலைக்காரரின் சுவர்க் கலங்கள் உயிரோடு இருந்தன. கடும் நோயாளியின் சுவரில் அந்தக் கலங்களே செத்துக் கழன்று கிடக்கின்றன. எங்கட தொழிற்சாலையில் சூப்பவைசர் எவ்வளவு மணி அடித்தாலும் ஆள் இல்லாத லைனில் வேலை நடக்காது. இருக்கிற கலங்களுக்கும் நோயின் அவதியில் உடம்பே வேண்டிய அளவு அதிரினலினைச் சுரந்து மணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஓயாமல் அடித்தால் வாங்கியும் மரத்துப் போகும். கொரோனாக் கிருமி போய்ப் பிடிப்பது சிற்றறைச் சுவர்க் கலங்களைத்தான். 2021இல் எங்கட மூத்தவரைப் பார்த்த டொக்டர்மாரின் கையில் இந்தப் பரிசோதனைகளின் முடிவு ஒன்பது பத்து வருசமாக இருந்தது. பம்ப்பைத் தண்ணிக்காக அடிக்காமல் விட்டது கவனயீனம் இல்லை.

அப்படியென்றால் எது உதவியது என்று கேட்பீர்கள். இயந்திரத்தால் பெரிய பெரிய மூச்சாகத் தள்ளாமல் சின்ன மூச்சாகக் குடுப்பது. 2000ஆம் ஆண்டு 861 நோயாளிகளிடம் பார்த்த அமெரிக்கப் பரிசோதனையில் இறப்பு 100க்கு 40இல் இருந்து 31 ஆகக் குறைந்தது. சன் பிரான்சிஸ்கோக் கல்லூரியும் அதில் பங்கெடுத்தது. காயப்பட்ட சுவரை மேலும் கிழிக்காமல் விட்டால், மிஞ்சிய கலங்கள் பெருகிச் சுவரை மூடி, பிறகு தாங்களே இறைக்கத் தொடங்கும். குப்புறக் கிடத்துவதும் உதவுகிறது. கொரோனாக் காலத்தில் "அப்பாவைக் குப்புறப் போட்டு வைச்சிருக்கிறாங்கள்" என்று அழுதவர்கள் உண்டு. அதுவும் வைத்தியம்தான்.

தொய்வுக்காரர் இதை வாசித்துவிட்டுப் பம்ப்பைத் தூக்கி வைக்க வேண்டாம். தொய்வில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவதுதான் வருத்தம், அந்தத் தசையின் வாங்கிக்கு அந்த மருந்து நல்ல மருந்து. இருதயம் பலவீனமாகிச் சுவாசப்பையில் தண்ணி சேருகிறவர்களின் கதையும் வேறு. அங்கே பெரும்பாலும் சுவர் பழுதில்லை, அழுத்தம்தான் கூடிவிட்டது. ஆகவே சலத்தைப் போக்குகிற மருந்தும் இருதய மருந்தும் குடுத்தால் சில மணித்தியாலத்திலேயே மூச்சு இலகுவாகும். படுத்தால் மூச்சு முட்டி, இரவில் எழும்பி இருக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் விடியும் மட்டும் பார்த்திருக்காமல் 911க்கு அடியுங்கள்.